காத்தாடி முதுகைக் காட்டுதா? - குற்றாலத்துக்கு எலெக்ட்ரிக் கார்ல போறவங்களுக்கு ஒரு கணக்கு!

போன ஜூலை, ஒரு சனிக்கிழமை மதியம். திருநெல்வேலியில சாப்பிட்டுட்டு குற்றாலத்துக்குக் கிளம்பினோம். கார்ல நாலு பேர், பின் சீட்ல அம்மா. பேட்டரியில 45% சார்ஜ். 'இன்னும் 95 கி.மீ போகலாம்'னு ஸ்கிரீன் சொல்லுது. போக வேண்டியது 60 கி.மீ-தான். "35 கி.மீ மிச்சம் இருக்கே, அப்புறம் என்ன?"னு தைரியமா வண்டியை எடுத்துட்டேன்.

ஆலங்குளம் வந்தப்போ 26%. பாவூர்சத்திரத்துல 16%. ரோடு சமதளம், டிராஃபிக் இல்ல, ஏசி-யைக்கூட அணைச்சாச்சு. ஆனாலும் நம்பர் மளமளன்னு இறங்குது. தென்காசியில ஆப் காட்டின சார்ஜர்கிட்ட போய் நின்னா, அதோட ஸ்கிரீன் இருட்டா இருக்கு. "பஸ்ல வந்திருந்தா இந்நேரம் குளிச்சிட்டே வந்திருக்கலாம்லா"ன்னு அம்மா சொன்னாங்க. யாரும் பதில் பேசலை.

7 சதவிகிதத்தோட லாட்ஜுக்குள்ள நுழைஞ்சோம். வாட்ச்மேன் அண்ணாச்சிதான் காப்பாத்தினார். தண்ணி மோட்டார் ரூம்ல இருந்த பவர் பிளக்கைக் காட்டி, "இதுல போட்டுக்கிடுங்க தம்பி"ன்னார். நடந்ததைச் சொன்னதும் சிரிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டார். "வர்ற வழியில காத்தாடி எல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னிருக்குமே, பாக்கலையா?"

அந்தக் கேள்விக்குள்ளேயே மொத்தப் பாடமும் இருந்துச்சு. தென்காசிப் பக்கம் எலெக்ட்ரிக் கார்ல டூர் பிளான் பண்றவங்களுக்காக அதைத்தான் இங்கே விரிவா சொல்லப்போறேன்.

அருவியைக் கொண்டுவர்ற காத்து, சார்ஜைக் கொண்டுபோகும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றால சீசன். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியா இந்தப் பக்கம் புகுந்து வரும். அதுகூடவே வர்ற தூறல்தான் நாம கொண்டாடுற சாரல். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவின்னு எல்லாத்துக்கும் தண்ணி கொடுக்கிறது இதே பருவமழைதான்.

இந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான் ஆலங்குளம், சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வெச்சிருக்காங்க. ஊர்க்காரங்க பாஷையில காத்தாடி. ஆக, அருவியில தண்ணி நல்லா விழுற மாசங்கள்லதான் இந்த ரோட்டுல காத்தும் பலமா அடிக்கும். நெல்லையிலிருந்து தென்காசிக்கு நாம கிழக்கிலிருந்து மேற்கே போறோம். காத்து மேற்கிலிருந்து கிழக்கே வருது. அதாவது நேருக்கு நேர்.

பெட்ரோல் காருக்கும் எதிர்காத்து செலவு வைக்கும். ஆனா, அங்கே ரெண்டு லிட்டர் கூடப் போனா யாரும் கண்டுக்கிறதில்ல. அடுத்த பங்க்ல அஞ்சு நிமிஷத்துல நிரப்பிடலாம். எலெக்ட்ரிக் காரை அப்படி நிரப்ப முடியாது. அதனால கணக்கு தெரிஞ்சிருக்கணும்.

கார் ஓடும்போது காத்து அதை எதிர்த்துத் தள்ளுற விசை, வேகத்தோட இருமடியில ஏறும். அதாவது வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு நாலு மடங்கு. இங்கே கணக்குல வர்றது, காத்தைப் பொறுத்து காரோட வேகம். நீங்க 80-ல போறீங்க, எதிரே 20 கி.மீ வேகத்துல காத்து அடிக்குதுன்னா, காருக்கு அது 100 மாதிரி. எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல ஆகிடும். டயர் உரசல், எடை மாதிரி மத்த செலவுகள் மாறாது. அதனால மொத்த செலவு அந்த அளவுக்கு ஏறாது. ஆனாலும் கால்வாசிக்கு மேல கூடும்.

இதுக்கு ஒரு சுலபமான வைத்தியம் இருக்கு. எதிர்காத்து 20 கி.மீ-ன்னா நீங்களும் 20 கி.மீ குறைச்சு, 60-ல போங்க. காத்து இல்லாத நாள்ல 80-ல போற அதே எதிர்ப்புதான் அப்போ காருக்கு. ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்கு 25 கி.மீ. 80-ல போனாலும் 60-ல போனாலும் வித்தியாசம் ஆறேழு நிமிஷம்தான். அந்த ஆறேழு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய்தான் அன்னிக்கு நான் மாட்டினேன்.

சரி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கார்ல உட்கார்ந்துக்கிட்டு எப்படித் தெரியும்? அண்ணாச்சி சொன்ன காத்தாடிதான் வழி. காற்றாலைகள் தானாகவே காத்து வர்ற திசையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கும். நீங்க போகும்போது இறக்கைகள் அந்தப் பக்கமும் முதுகு உங்க பக்கமும் தெரிஞ்சா, எதிர்காத்து. இறக்கைகள் உங்களைப் பார்த்து நின்னா, காத்து உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு, ஜாலியா போகலாம். ஆப் எதுவும் வேணாம். ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பார்த்தா போதும்.

கிலோமீட்டரை மறந்துடுங்க, யூனிட்ல யோசிங்க

ஸ்கிரீன்ல தெரியுற கிலோமீட்டர், இதுவரை நீங்க ஓட்டின விதத்தை வெச்சு கார் போடுற ஒரு கணிப்பு. முன்னாடி இருக்கிற காத்து அதுக்குத் தெரியாது. விளம்பரத்துல வர்ற ரேஞ்ச், சோதனைக்கூடத்துல எடுத்தது. ரெண்டையும் தள்ளி வெச்சுட்டு, வீட்டு கரன்ட் பில் மாதிரி யூனிட்ல கணக்கு போடுங்க.

உங்க கார் பேட்டரி எத்தனை கிலோவாட் ஹவர்னு பாருங்க. 1 கிலோவாட் ஹவர்னா 1 யூனிட். டாடா டியாகோ இ.வி-யில பெரிய பேட்டரி 24 யூனிட். நெக்ஸான் இ.வி-யில மாடலைப் பொறுத்து 30 அல்லது 45. எம்ஜி வின்ட்சர்னா 38-லிருந்து ஆரம்பிக்குது.

அடுத்து, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கி.மீ கிடைக்குதுன்னு பாருங்க. நெடுஞ்சாலையில 80-ல போனா சின்ன கார் 7-லிருந்து 8 கி.மீ தரும். நெக்ஸான் மாதிரி காம்பேக்ட் எஸ்யூவி 6-லிருந்து 7 தரும். சீசன்ல தென்காசிப் பக்கம் போகும்போது இதுல கால்வாசியைக் குறைச்சுக்கோங்க. எஸ்யூவிக்கு யூனிட்டுக்கு 5 கி.மீ-ன்னு வெச்சா பாதுகாப்பு. மாடியில கேரியர் மாட்டி மூட்டை கட்டியிருந்தா இன்னும் குறையும், அதுவும் காத்து பிடிக்கும்.

இப்போ என் கணக்கைப் பாருங்க. என் கார்ல 30 யூனிட் பேட்டரி. 45%-ன்னா 13.5 யூனிட். யூனிட்டுக்கு 5 கி.மீ வெச்சா 67 கி.மீ. போக வேண்டியது 60. இதை நெல்லையிலேயே போட்டிருந்தா, சாப்பிடுற நேரத்துல காரையும் சார்ஜ்ல போட்டிருப்பேன். அரை நிமிஷக் கணக்கு.

இன்னொரு சந்தேகம் நிறைய பேருக்கு வரும். 'மலைப்பக்கம் போறோமே, ஏத்தத்துக்கு எவ்வளவு இழுக்கும்?' ஆட்களோட சேர்த்து 1,800 கிலோ இருக்கிற காரை 100 மீட்டர் உயரம் ஏத்த சுமார் அரை யூனிட் செலவாகும். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏறணும். ஏத்தத்துக்கு மட்டுமே 9 யூனிட் போயிடும். குற்றாலம் மலையடிவாரம், கார் ஏற வேண்டிய மலை அங்கே இல்ல. செங்கோட்டை தாண்டி வர்ற ஆரியங்காவு கணவாயும் தாழ்வானதுதான். அதனால இந்த ட்ரிப்ல மலையை நினைச்சு பயப்படாதீங்க. காத்தை மட்டும் கவனிங்க.

மதுரை டு தென்காசி: பால்கோவாவோட சார்ஜ்

சென்னையிலிருந்து வர்றவங்களுக்கு தென்காசி சுமார் 630 கி.மீ. திருச்சி வழியா மதுரை வரைக்கும் ஹைவேல சார்ஜர்களுக்குப் பெரிய பஞ்சமில்ல. யோசிக்க வேண்டியது மதுரைக்கு அப்புறம்தான்.

மதுரையிலிருந்து திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியா தென்காசிக்கு 160 கி.மீ. ராஜபாளையம் கிட்டத்தட்ட நடுவுல வரும். அதுக்கப்புறம் வலது பக்கம் மலையும் கூடவே வரும். கடையநல்லூர் தாண்டி கணவாயை நெருங்க நெருங்க காத்து வேலையைக் காட்ட ஆரம்பிக்கும்.

45 யூனிட் கார், மதுரையில 100% போட்டுட்டுக் கிளம்பினா, யூனிட்டுக்கு 5 கி.மீ-ன்னு மோசமான கணக்கு வெச்சாலும் 32 யூனிட்ல தென்காசி வந்துடலாம். கையில கால்வாசிக்கு மேல மிச்சம் இருக்கும். 30 யூனிட் காருக்கும் 24 யூனிட் காருக்கும் நடுவுல ஒரு ஸ்டாப் கட்டாயம். அந்த ஸ்டாப்பை ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் பக்கம் வெச்சுக்கோங்க. புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா கையில இருந்தா, முக்கால் மணி நேரம் காத்திருக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல.

இங்கே ரெண்டு விஷயம். ஒண்ணு, டிசி ஃபாஸ்ட் சார்ஜர்ல 80% வரைக்கும்தான் வேகம். அதுக்கப்புறம் பேட்டரியைப் பாதுகாக்க கார் வேகத்தைக் குறைச்சுடும். கடைசி 20 சதவிகிதத்துக்குக் காத்திருக்கிற நேரத்துல நீங்க புளியங்குடி போயிடலாம். ரெண்டு, சார்ஜர்ல 60 கிலோவாட்னு எழுதியிருந்தாலும் உங்க கார் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும். உங்க கார் அதிகபட்சம் எவ்வளவு வாங்கும்னு மேனுவல்ல பார்த்து வெச்சுக்கோங்க.

'சார்ஜர் இருக்கு'ன்னா நம்பாதீங்க

மேப்ல பச்சைக் கலர் புள்ளி இருந்தா அங்கே சார்ஜர் இருக்குன்னு அர்த்தம். வேலை செய்யுதுன்னு அர்த்தமில்ல. கிளம்புறதுக்கு முந்தின நாள் இதையெல்லாம் செஞ்சிடுங்க.

பிளக்‌ஷேர் மாதிரி ஆப்ல அந்த சார்ஜரைத் திறந்து, கடைசியா யார் எப்போ சார்ஜ் போட்டாங்கன்னு பாருங்க. போன வாரம் யாராவது வெற்றிகரமா போட்டிருந்தா நம்பலாம். மூணு மாசமா யாருமே எழுதலைன்னா அதை லிஸ்ட்ல சேர்க்காதீங்க. உங்க காருக்குத் தேவையான சிசிஎஸ்-2 பாயின்ட் எத்தனை இருக்குன்னும் பார்த்துக்கோங்க. ஒரே ஒரு துப்பாக்கி இருக்கிற இடத்துல சீசன் ஞாயிற்றுக்கிழமை போனா, முன்னாடி ரெண்டு கார் நிக்கும்.

ஹோட்டலோ பெட்ரோல் பங்க்கோ, சார்ஜர் இருக்கிற இடத்துக்கு ஒரு போன் போடுங்க. "அண்ணே, சார்ஜர் ஓடுதா? இன்னிக்கு யாராச்சும் போட்டாங்களா?"ன்னு கேட்டா அங்கே நிக்கிறவங்களே உண்மையைச் சொல்லிடுவாங்க.

பெரும்பாலான சார்ஜர்கள் ஆப் மூலமாத்தான் ஆன் ஆகும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒரு வாலட். எல்லாத்தையும் வீட்டு வைஃபையில டவுன்லோடு பண்ணி, ஓ.டி.பி போட்டு, கொஞ்சம் பணமும் ஏத்தி வெச்சிடுங்க. மலைப்பக்கம் சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும்போது புது ஆப் இறக்கிக்கிட்டு நிக்கிறது கொடுமை.

கடைசியா ஒரு பொன்விதி. ஒரு சார்ஜரை அடையும்போது, அது வேலை செய்யலைன்னா அடுத்த சார்ஜருக்குப் போற அளவுக்கு பேட்டரியில மிச்சம் இருக்கணும். அன்னிக்கு தென்காசியில என்கிட்ட அந்த மிச்சம் இல்ல.

ரூம் போடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இந்த ட்ரிப்போட வெற்றி தோல்வி, பெரிய சார்ஜர்களைவிட நீங்க தங்குற இடத்துல இருக்கிற ஒரு பிளக்லதான் இருக்கு. ஏசி, கீசர், தண்ணி மோட்டாருக்குப் போடுவாங்களே, மூணு பெரிய ஓட்டை இருக்கிற 15 ஆம்ப்ஸ் பவர் பிளக், அதுதான். காரோட கொடுத்த போர்ட்டபிள் சார்ஜரை அதுல சொருகினா மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். சாயங்காலம் 7 மணிக்குப் போட்டு காலையில 6 மணிக்கு எடுத்தா 30 யூனிட் கிட்ட. அதாவது நீங்க தூங்கி எழும்போது 150 கி.மீ-க்கு மேல கையில இருக்கும். பார்டர்ல பரோட்டா சாப்பிடுற ஒரு மணி நேரத்துல அதே பிளக் தர்றது 15, 20 கி.மீ-தான். மெதுவா ஏறுற பிளக்குக்கு ராத்திரிதான் சரியான நேரம்.

அதனால ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி போன்ல இதைக் கேளுங்க. "கார் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல பவர் பிளக் இருக்கா? ராத்திரி முழுக்க போட்டுக்கலாமா? எர்த் இருக்கா? கரன்ட்டுக்கு எவ்வளவு தரணும்?"

நாலாவது கேள்வியை விட்டுடாதீங்க. 25, 30 யூனிட்ங்கிறது லாட்ஜ்காரருக்குச் சின்ன விஷயமில்ல. கடை, லாட்ஜுக்கெல்லாம் வணிகக் கட்டணம். முன்னாடியே பேசி, யூனிட் கணக்குல காசு கொடுத்துட்டா அடுத்த தடவை வர்ற இ.வி-க்காரருக்கும் அந்த பிளக் கிடைக்கும். சொல்லாமக் கொள்ளாம சொருகிட்டுப் போனா, அதோட பூட்டுதான்.

எர்த் முக்கியம். எர்த் சரியில்லைன்னா போர்ட்டபிள் சார்ஜர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சு சார்ஜ் ஏறாது. அதைத் தாண்டி ஏமாத்துற குறுக்குவழி அடாப்டர் எதையும் வாங்காதீங்க. அது உயிரைக் காக்கிற விளக்கு. அதுவும் சாரல்ல நனைஞ்ச தரையில நின்னுக்கிட்டு அதோட விளையாடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் கொண்டுபோறதா இருந்தா செல்போன் சார்ஜர் போடுற மெல்லிசு ஒயர் ஆகாது. எலெக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி தடிமனான காப்பர் ஒயர்ல, 15 ஆம்ப்ஸ் பிளக் வெச்சு செஞ்சுக்கோங்க. சுருட்டி வெச்சபடி போடாம முழுசா விரிச்சுப் போடுங்க. சார்ஜ் போட்ட அரை மணி நேரத்துல பிளக்கைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஆம்பியரைக் குறைங்க, இல்லைன்னா எடுத்துடுங்க.

மழைன்னு வந்தா காரைவிட உயிர் முக்கியம்

'மழையில சார்ஜ் போடலாமா?'ங்கிறது எல்லாரும் கேக்குற கேள்வி. பொது சார்ஜர்களும் கார் சாக்கெட்டும் மழையைத் தாங்குற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கு. காரோட கனெக்டர் முழுசா பூட்டின அப்புறம்தான் கரன்ட்டே பாயும். பயப்பட வேண்டியது சுவர்ப் பக்கத்து பிளக்குக்குத்தான். அது கூரைக்குக் கீழே, நனையாம இருக்கணும்.

நிறைய கார்களோட பேட்டரிக்கு ஐபி67 சான்று இருக்கு. சோதனையில 1 மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் வெச்சாலும் உள்ளே தண்ணி போகாதுங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். ஓடுற வெள்ளத்துல காரை இறக்கலாம்னு அர்த்தமில்ல. ஓடுற தண்ணி முழங்காலுக்குக் கீழே இருந்தாலே காரை இழுத்துட்டுப் போயிடும்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இந்த ஊர்த் தண்ணி சொல்லிட்டு வராது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளிச்சிட்டு இருந்தவங்க மேல திடீர்னு வெள்ளம் பாய்ஞ்சு, 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போகப்பட்டு இறந்தான். மேலே மலையில பெய்யுற மழை கீழே குளிக்கிறவங்களுக்குத் தெரியாது. 'குளிக்கத் தடை'ன்னு போர்டு வெச்சா, 'அஞ்சு நிமிஷம்'னு பேரம் பேசாதீங்க. காரையும் ஓடைக் கரையில நிறுத்தாதீங்க.

மழைக்கும் சார்ஜுக்கும் இன்னொரு சம்பந்தம் இருக்கு. காத்தும் மழையும் சேர்ந்தா மரம் விழும், கரன்ட் போகும். 2023 டிசம்பர் 17, 18-ல நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில பல இடங்கள்ல நாள்கணக்குல கரன்ட் இல்ல. அவ்வளவு பெரிய மழை அடிக்கடி வராது. ஆனா, ஒரு ராத்திரி கரன்ட் கட் ஆகுறது சாதாரணம். 'எப்படியும் ராத்திரி சார்ஜ் போடுவோமே'ன்னு பேட்டரியை வழிச்சுத் துடைச்சுட்டு ரூமுக்கு வராதீங்க. குற்றாலத்துல ராத்திரி தங்கும்போது நெல்லைக்குத் திரும்புற அளவுக்காவது, அதாவது 60 கி.மீ-க்காவது சார்ஜ் இருக்கணும். கூட வயசானவங்களோ குழந்தையோ இருந்தா இதுல சமரசமே கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா, அப்போ கரன்ட் இருக்கான்னு பார்த்துக்கிட்டு நிக்க முடியாது.

கணவாய் தாண்டினா ஒரு தீவு

குற்றாலத்துல ரெண்டு நாள் குளிச்சாச்சு, இன்னும் ஒரு நாள் லீவு இருக்குன்னா மேற்கே போங்க. தென்காசியிலிருந்து செங்கோட்டை 8 கி.மீ. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இது திருவிதாங்கூர் - கொச்சியோட இருந்த ஊர். அங்கிருந்து ஆரியங்காவு கணவாய் ஏறி இறங்கினா தென்மலை. போற வழியில கழுதுருட்டியில ரயில் போற பதிமூணு கண் பாலம் ரோட்டிலிருந்தே தெரியும். 1904-ல ரயில் ஓட ஆரம்பிச்ச பாதை, அகலப்பாதையா மாறி 2018-ல மறுபடி திறந்தாங்க.

தென்மலை அணையில தேங்குறது கல்லடை ஆறு. அதே ஆறு புனலூர் தொங்குபாலத்துக்குக் கீழே ஓடி, கொல்லம் பக்கத்துல அஷ்டமுடிக் காயல்ல சேருற இடத்துலதான் மன்றோ தீவு இருக்கு. திருவிதாங்கூர்ல பிரிட்டிஷ் ரெசிடென்ட்டா இருந்த கர்னல் ஜான் மன்றோவோட பேர். அணையில ஒரு ஆத்தைப் பார்த்துட்டு, அது காயல்ல கலக்குற வரைக்கும் கூடவே போற மாதிரி ஒரு ட்ரிப் இது. தென்காசியிலிருந்து குண்டரா வழியா சுமார் 105 கி.மீ.

கணக்கு: போக வர 210 கி.மீ. 45 யூனிட் கார்ல யூனிட்டுக்கு 6 கி.மீ வெச்சா 35 யூனிட். ஒரே சார்ஜ்ல முடியும், ஆனா கையில மிச்சம் கொஞ்சம்தான். சின்ன பேட்டரிக்கு நடுவுல ஒரு சார்ஜ் தேவை. அதைத் தீவுக்குள்ள தேடாதீங்க. போகும்போதே புனலூர், கொட்டாரக்கரை மாதிரி ஊர்ல முடிச்சிடுங்க. கணவாய்ப் பக்கம் காடு, சிக்னல் விட்டு விட்டு வரும், லாரிகளும் அதிகம். பகல்லயே தாண்டிடுறது நல்லது.

கேரளப் பக்கம் மின்வாரியமே சார்ஜிங் நிலையங்கள் நடத்துது. ஆனா, அங்கே ரோட்டோர மின்கம்பத்துல ஒரு சார்ஜிங் பெட்டியைப் பார்த்ததும் காரை ஓரங்கட்டிடாதீங்க. அது டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் வெச்சது.

மன்றோ தீவுல ரோடு குறுகல், ரெண்டு பக்கமும் வாய்க்கால். கடல் ஏத்தத்துல உப்புத்தண்ணி வீட்டு வாசல் வரைக்கும் வர்ற ஊர் அது. காரை மேடான இடத்துல நிறுத்திட்டு வள்ளத்துல ஏறிடுங்க. தீவைச் சுத்த அதுதான் சரியான வண்டி.

இதே விதி நம்ம ராமேஸ்வரம் தீவுக்கும் பொருந்தும். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போற ரோடு கடலுக்கு நடுவுல போய் அங்கேயே முடியுது. ரெண்டு பக்கமும் கடல்காத்து. திரும்பி வர்ற கணக்கையும் சேர்த்து ஊருக்குள்ளேயே சார்ஜ் போட்டுட்டுக் கிளம்பணும். தீவுன்னாலே போற சார்ஜ் பாதி, வர்ற சார்ஜ் பாதி.

திரும்பி வரும்போது

அந்த ஜூலை ட்ரிப்போட கடைசிக் காட்சியைச் சொல்லாம விட்டா அம்மா கோவிச்சுக்குவாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே ரோட்டுல நெல்லைக்குத் திரும்பினோம். வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்ட கரன்ட்டுக்கான காசைக் கொடுத்து, போன் நம்பரும் வாங்கியாச்சு. பாவூர்சத்திரம் தாண்டினதும் அம்மாதான் கண்ணாடி வழியா பார்த்துட்டு, "ஏல, காத்தாடி எல்லாம் இப்போ நம்மளப் பாக்குதுடா"ன்னாங்க.

போகும்போது 60 கி.மீ-க்கு 11 யூனிட்டுக்கு மேல குடிச்ச கார், அதே 60 கி.மீ-க்கு இப்போ 8 யூனிட்கூட எடுத்துக்கலை. ரோடு அதேதான், கார்ல இருந்த ஆட்களும் அதே நாலு பேர்தான். காத்து மட்டும் பக்கம் மாறியிருந்துச்சு.

இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. சீசன் மாசங்கள்ல தமிழ்நாட்டு கிரிட்ல காற்றாலைக் கரன்ட் நிறைய கலந்து வரும். அப்படின்னா, மதியம் என் பேட்டரியைக் காலி பண்ணின அதே சாரல் காத்து, ராத்திரி மோட்டார் ரூம் பிளக் வழியா கொஞ்சமாவது திரும்பி வந்திருக்கும்.

அடுத்த சீசனுக்கு அம்மா இப்பவே தேதி கேக்குறாங்க. பஸ் பேச்சையே எடுக்கலை. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி, "எத்தனை யூனிட் இருக்கு?"ன்னு கேப்பாங்களாம்.